மெதுவாக ஓடும் கரடிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நானா, அவருடைய தங்கச்சி, வீட்டுக்காரம்மா சீ ஹை, நான். தங்கச்சியின் கணவர் வரவில்லை. ஹோட்டலில் இருந்து பெட்டிகளோடு நேராக விமான நிலையத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். நானாவின் உம்மாவும் இல்லை. காரைக்காலில் அவரை அடக்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. டிவி இருந்தது, கேம் பெட்டி இருந்தது, இரண்டு ஜாய்ஸ்டிக்கும் இருந்தன. ஆட வேண்டிய இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. சைகோனில் கான் ஹொய் என்னும் பழைய துறைமுகப் பகுதியில், இரண்டு மோட்டார்பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய ஒரு சந்தில், சீ ஹையின் வீட்டு மாடியில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு இருபத்து மூன்று வயது. தூ டுக்கில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரானிக் போர்டுகளைச் சோதிக்கும் முதல் வேலை. அவருக்கு நாற்பதை ஒட்டி இருக்கும். பிரான்சில் வளர்ந்தவர், பிரெஞ்சுக் குடிமகன். பூ மி ஹங்கில் இருந்த பணக்கார வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும் என்றால், மெதுவான மனிதர் என்று சொல்வேன். சோம்பேறி அல்ல. காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். எழுந்ததில் இருந்து படுக்கிற வரைக்கும் ஒரே வேகம். சட்டைப் பொத்தானைப் போடும் வேகத்தில்தான் சாப்பிடுவார், சாப்பிடும் வேகத்தில்தான் மாடிப்படி இறங்குவார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் கேட்டதையே மறந்துவிடுவோம். "மெதுவா தம்பி, மெதுவா" என்பது அவர் வாயில் சலாம் மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

வியட்நாம் காப்பி தெரியுமல்லவா, கிளாஸ் மேல் சின்ன வடிகட்டிக் கிண்ணத்தை வைத்து, வெந்நீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். சந்து முனைக் கடையில் எல்லோரும் பாதி இறங்கியதும் கிண்ணத்தைத் தட்டி எடுத்துவிடுவார்கள். நானா கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் இன்னொரு சொட்டு வருமா என்று பார்ப்பார். கடைக்காரப் பெண் எங்களைக் கண்டதுமே மற்றவர்களுக்கு முன்னால் அவருடைய கிளாஸில் வெந்நீரை ஊற்றிவிடுவாள். "வாத்தியாருடையதை இப்போதே தொடங்கினால்தான் மதியத்துக்குள் முடியும்" என்று சந்தே கேட்கிற மாதிரி சொல்வாள். அவர் சிரிப்பார். அதுவும் அவள் அடுத்த ஆளுக்குப் போன பிறகுதான்.

ஆனால் அந்த ஊரில் சாலையைக் கடப்பதில் அவரைப்போல ஒருவரை நான் பார்க்கவில்லை. நூறு மோட்டார்பைக் ஆறு மாதிரி வரும். சிக்னல் ஒரு பேச்சுக்குத்தான். நான் இடைவெளி பார்த்து ஓடுவேன், பாதியில் நிற்பேன், திரும்பி ஓடுவேன். ஒருநாள் ஒரு பெண் பிரேக் அடித்து, இரண்டு கூடை டிராகன் பழம் ரோட்டில் உருண்டு, அவள் என் பரம்பரையையே திட்டினாள். நானா அதே நேரத்தில் அதே சாலையை, வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நடந்து கடந்தார். வண்டிகள் அவருக்கு முன்னும் பின்னும் பிரிந்து போயின. அந்தப் பக்கம் போய் நின்று, பழம் பொறுக்கத் திரும்பி வந்தார், அதே நடையில்.

"நீங்க ஓடினா எங்க இருப்பீங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்றார். அந்தப் பெண் தலையாட்டினாள், தமிழ் புரிந்ததுபோல.

எனக்கு அவர்மேல் எரிச்சலும் உண்டு. வருடத்தில் சில நாள் ஆற்று நீர் ஏறிச் சந்துக்குள் வந்துவிடும். அப்படி ஒரு மாலையில் சீ ஹையின் கீழ்வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர். நானும் சீ ஹையும் அவர் மகனும் கைக்குக் கிடைத்ததை எல்லாம் மாடிக்கு ஓட்டமாக ஏற்றிக்கொண்டிருக்கிறோம். நானா ஒரு அரிசி டப்பாவைக் கழுவி, துடைத்து, எடுத்துக்கொண்டு போகிறார். அடுத்த தடவை அவர் இறங்கி வருவதற்குள் அரிசி மூட்டை நனைந்துவிட்டது. "வாத்தியாரே, தண்ணீர் உங்களுக்காக நிற்குமா?" என்று சீ ஹை கத்தினார். சீ ஹை என்றால் மூத்த அக்கா என்று அர்த்தம். சந்து முழுக்க அவருக்கு அதுதான் பெயர். மூத்த அக்காவின் குரலும் அப்படித்தான்.

அன்றைக்கு மாடியில் அவர் அலமாரியைத் திறந்தபோதுதான் அந்தக் கேம் பெட்டியைப் பார்த்தேன். மேல்தட்டில், துணிமணிகளுக்கும் மேலே, ஒரு வெள்ளைத் தொழுகைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். கறுப்புப் பெட்டி, பக்கத்தில் ஒரே ஒரு கேசட். கேசட்டின் மேல் பனிமலையில் ஒரு வண்டியைத் தள்ளும் இரண்டு கரடிக்குட்டிகள். பிரான்சில் இருந்து எதையும் கொண்டுவராத மனிதர், இதை மட்டும் கைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஆடியதே இல்லை. ஏன் என்று கேட்டேன். அடுத்த நாள் காப்பிக்கடையில் பதில் வந்தது: "ரெண்டு பேர் ஆடுற ஆட்டம் தம்பி."

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலையிலிருந்து வந்தபோது மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். கையில் போன். படிக்கச் சொல்லி நீட்டினார். பிரெஞ்சு எழுத்தில் அடித்த தமிழ்:

"நானா, மச்சானோட சைகோன் வர்றேன். ஞாயிறு மூணு மணிக்கு வீட்டுக்கு வர்றேன். அஞ்சு மணிக்குக் கெளம்பணும். கரடி இன்னும் இக்கிதா? இருந்தா ஆடலாம்."

"தங்கச்சியா நானா? உங்களுக்குத் தங்கச்சி இருக்கிறதே எனக்குத் தெரியாதே."

"ஆறு வருஷமா எனக்கும் தெரியாத மாதிரிதான்" என்றார். போனை வாங்கி மறுபடி படித்தார். பிறகு என்னைப் பார்த்து, நான் அவரிடம் அதற்கு முன்னும் பின்னும் கேட்டிராத ஒரு அவசரத்தோடு சொன்னார்: "தம்பி, நீங்க போர்டு வேலை பாக்குறவங்க. அந்தப் பெட்டிய ஓட வச்சுக் குடுங்க."

"அதுக்கென்ன நானா, நான் பாத்துக்கறேன்" என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். கரண்ட் பில்லில் இருந்து தங்கையின் ஸ்கேன் ரிப்போர்ட் வரைக்கும் என் கைக்குத்தான் வரும். படிச்ச பையன் பார்த்துச் சொல்லுவான் என்று சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை.

கரண்ட் பிரச்சினை இல்லை, அந்த ஊருக்கும் பிரான்சுக்கும் ஒத்துப்போனது. படம்தான் வரவில்லை. அந்தக் கால பிரெஞ்சு டிவிகளுக்கு என்றே தனி முனை. சீப்புப் பல் மாதிரி இருபத்தொரு கம்பிகள். அந்தச் சீப்பைச் செருகும் ஓட்டை சைகோனில் எந்த டிவியிலும் இல்லை. எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் சந்தையில் கடை கடையாகக் காட்டினேன். ஒருவர் அதை வாங்கித் தலையில் சீவிக் காட்டினார்.

பெட்டியின் பின்னால் இருந்த வட்டத் துளையில் சாதாரணப் படமும் ஒலியும் வருகிற கம்பிகளைக் கண்டுபிடித்து, வேறு ஒரு வயரை நானே ஈயம் வைத்துச் சால்டர் செய்தேன். அந்தச் சந்தையிலேயே ஜப்பானில் இருந்து பழையதாக வந்திறங்கிய டிவி ஒன்றைப் பேரம்பேசி வாங்கினேன். பெரிய கண்ணாடி, அழகான பெட்டி. அது ஜப்பான் கரண்டுக்கு ஆனது என்பதால் கூடவே ஒரு டிரான்ஸ்பார்மர். மாடிக்குத் தூக்கி வந்து, மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். கரடிகள் வந்தன, கறுப்பு வெள்ளையில். வந்த வேகத்தில் மேலே போயின, கீழிருந்து திரும்ப வந்தன, மேலே போயின. படம் நிற்கவே இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி விநாடிக்கு அறுபது முறை படம் வரையும். ஐரோப்பாவில் ஐம்பது முறை. இந்தப் பெட்டி ஐம்பது அனுப்புகிறது, அந்த டிவிக்கு அறுபதுதான் தெரியும். நிறத்தைச் சொல்கிற முறையும் வேறு. இதை நான் நானாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாயில் சம்மணம் போட்டு, மேலே மேலே ஓடும் கரடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், நான் கேட்காமலே, உம்மாவைப் பற்றிச் சொன்னார்.

பிரான்சில் இருந்து உம்மா கடைசிக் காலத்தில் காரைக்காலுக்கே திரும்பிவிட்டார். தங்கச்சி கூட இருந்து பார்த்துக்கொண்டது. மௌத்தான செய்தி வந்ததும் நானா இங்கிருந்து விமானம் ஏறிவிட்டார். சென்னையில் இறங்கியபோது இரவு. டாக்ஸி எடுத்திருந்தால் விடியற்காலைச் சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் வீட்டில் இருந்திருக்கலாம். அவர் டாக்ஸி எடுக்கவில்லை. விமான நிலைய வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விடிந்து பஸ் பிடித்து, பாண்டிச்சேரியில் மாறி, பிற்பகல் போய்ச் சேர்ந்தார். லுஹருக்கே, அதாவது மதியத் தொழுகைக்கே, அடக்கம் முடிந்திருந்தது.

"தங்கச்சி வாசல்ல நின்னுக்கிட்டு, 'இதுக்குமா மெதுவா வந்தீங்க நானா?' அப்படின்னிச்சு. அதுதான் கடைசியாப் பேசினது."

உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இப்படியும் ஒரு மனிதன் மெதுவாக இருக்க முடியுமா? டிவியை அணைத்தேன்.

சனிக்கிழமை எங்களைக் காப்பாற்றியது சீ ஹை. ஜப்பான் டிவியைப் பார்த்து ஒரே சிரிப்பு. "எங்க அப்பா அமெரிக்கர்கள் காலத்தில் ஒரு டிவி வாங்கினார். எழுபத்தைந்தில் அவர்கள் போன பிறகு ஸ்டேஷன் மாறியது, அதில் ஒழுங்காக எதுவும் தெரியவில்லை. மேலே பூச்சட்டி வைத்தோம். பிறகு மறுபடி மாற்றினார்கள். இந்த ஊர்க்காரி இனி ஏமாறமாட்டாள்!" என்று சொல்லி, சமையலறை மூலையில் மீன்சாஸ் பாட்டில்கள் அடுக்கியிருந்த ஒரு குண்டு டிவியைக் காட்டினார். எந்த நாட்டு வீடியோ கேசட் கைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில், எந்த நாட்டுப் படத்தையும் காட்டும் என்று கடைக்காரன் சத்தியம் செய்து விற்ற டிவி.

கடைக்காரன் பொய் சொல்லவில்லை. மாட்டியதும் கரடிகள் நின்றன. வெள்ளைப் பனி, சிவப்பு வண்டி, பழுப்புக் கரடிகள். தொடக்கப் பாட்டு வந்தது. நானா இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டார். ஒரே நிமிடம்தான். எழுந்து அவரே அணைத்தார். "போதும். அவ வரட்டும்."

ஞாயிறு மதியம் நானா தொழுகைக்கும், அப்படியே தங்கச்சிக்குப் பிடித்த சமோசா வாங்கவும் போனார். அவர் வேகத்துக்கு இரண்டு மணி நேரம் நிச்சயம். நான் தனியாக இருந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்தேன். படத்துக்கு மேலும் கீழும் இரண்டு கறுப்புப் பட்டை இருந்தது முந்தைய நாளே என் கண்ணை உறுத்தியிருந்தது. போனில் தேடிப் படித்தேன். இந்த ஆட்டங்கள் எல்லாம் அறுபதுக்கு எழுதப்பட்டவை. ஐரோப்பாவில் விற்றபோது அப்படியே ஐம்பதில் ஓடவிட்டார்கள். அதனால் பட்டை, அதனால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக நடக்கும். பாட்டும் இழுக்கும். போர்டில் ஓடும் ஒரு செம்புக் கோட்டை வெட்டி, இன்னொரு கோட்டைச் சேர்த்தால், பெட்டி அறுபதுக்கு மாறிவிடும்.

யோசிக்கவே இல்லை. பாவம், இரண்டு பேரும் சின்ன வயதில் ஊனப்பட்ட ஆட்டத்தை ஆடியிருக்கிறார்கள்; இன்றைக்காவது சரியானதை ஆடட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பெட்டியைத் திறந்தேன். பிளேடால் கோட்டை வெட்டினேன், பக்கத்துப் புள்ளிகளை ஈயத்தால் சேர்த்தேன். பட்டைகள் போய்விட்டன. படம் திரை முழுக்க நிறைந்தது. கரடிகள் துள்ளிக்கொண்டு ஓடின. என்ன ஒரு சந்தோஷம்! மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

தங்கச்சி சரியாக மூன்று மணிக்கு வந்தது. நானாவின் முகம்தான், ஆனால் இரண்டு மடங்கு வேகத்தில். படியேறும்போதே பேச்சு. "இந்தச் சந்துலயா இக்கிறீங்க? டாக்ஸிக்காரன் உள்ள வரமாட்டேங்கிறான். அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன், எட்டு மணிக்கு கோலாலம்பூர் பிளைட்." சலாம் சொன்னது. அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அறையைப் பார்த்தது, டிவியைப் பார்த்தது, கரடி கேசட்டை எடுத்து ஒரு நிமிடம் வைத்துக்கொண்டது. சீ ஹை சுவரோரமாக முக்காலி போட்டு உட்கார்ந்தார், நாடகம் பார்க்க வந்ததுபோல.

ஸ்விட்சைப் போட்டேன். பாட்டு வந்ததும் இரண்டு பேருமே நிமிர்ந்தார்கள்.

"ஏன் இது இப்படி ஓடுது?" என்றது தங்கச்சி.

நானா பொத்தானை அழுத்தினார். ஆட்டம் தொடங்கியது. முதல் பள்ளத்திலேயே நானாவின் கரடி விழுந்தது. அடுத்து தங்கச்சியின் கரடி. மூன்றாவது இடத்தில் ஒரு ஆடும் மரப்பாலம். இரண்டு கரடியும் வண்டியோடு ஒரே நேரத்தில் தாவ வேண்டும். இரண்டு பேரும் பழக்கத்தில் வாய்விட்டு எண்ணினார்கள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." நாலு சொல்லும்போது பாலம் திரும்பிப் போயிருந்தது. வண்டியோடு பனியில் விழுந்தார்கள். மறுபடி. மறுபடி.

தங்கச்சி ஜாய்ஸ்டிக்கைப் பாயில் வைத்தது.

"இது நம்ம கரடி இல்ல நானா."

"அதுதான் இது" என்றார் நானா. அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

"எனக்குத் தெரியாதா? உம்மா அடுப்படியில இருந்து கேட்டாலே எந்த இடத்துல விழுந்தோம்னு சொல்லுவாஹ, அந்தப் பாட்டு எனக்குத் தெரியாதா? பழசைத் தொலைச்சிட்டு வேற எதையோ வாங்கி வச்சிருக்கீங்க. தொலைஞ்சு போச்சுன்னு சொன்னா நான் உங்களைக் கொன்னுடவா போறேன்? இதுக்கும் ஒரு பொய்யா?"

பையை எடுத்துத் தோளில் மாட்டியது. நானா தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் தங்கச்சி படியிறங்கியிருக்கும்.

"நான்தாங்க" என்றேன். "அக்கா, நான்தான் பண்ணேன். நானாவுக்குத் தெரியாது. பெட்டி அதேதான். ஐம்பதுல ஓடினதை நான் அறுபதுக்கு மாத்திட்டேன். அதுதான் சரியான வேகம்னு நினைச்சு..."

"யாரு உங்களைக் கேட்டா?"

"யாரும் கேக்கலைங்க."

நானா என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "திரும்ப வைக்க முடியுமா தம்பி?"

"முடியும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

வாய்க்கு வந்த ஒரு கணக்கை விழுங்கினேன். "தெரியல நானா."

தங்கச்சி வாசலில் நின்றது. சீ ஹை எழுந்துபோய், எதுவும் புரியாமலே, அதன் தோளில் இருந்த பையை வாங்கி ஆணியில் மாட்டினார். முக்காலியைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு, காப்பி வடிகட்டி கொண்டுவரக் கீழே போனார்.

பெட்டியைத் திறந்தேன். ஈயத்தை எடுப்பது சுலபம். வெட்டிய கோட்டைச் சேர்க்கப்போனபோது, சூட்டில் அந்தச் செம்புக் கோடே போர்டில் இருந்து உரிந்து வந்துவிட்டது. தலைமுடி அளவு கோடு. இன்னொரு முறை தொட்டால் பக்கத்துக் கோடும் போகும்.

"மெதுவா தம்பி" என்றார் நானா. "அவ எங்கயும் போகல."

தங்கச்சி மணியைப் பார்த்தது. மூன்றே முக்கால். காப்பி சொட்டத் தொடங்கியிருந்தது. நான் ஒரு பழைய இயர்போன் வயரைச் சுரண்டி, அதிலிருந்து ஒரு மெல்லிய இழையை உருவிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் தங்கச்சி கேட்டது:

"அன்னிக்கு ராத்திரி சென்னையில எங்க இருந்தீங்க?"

"ஏர்போர்ட் வாசல்ல."

"என்ன பண்ணீங்க?"

"உக்காந்திருந்தேன்."

"டாக்ஸி இல்லையா?"

"இருந்திச்சு. ஒரு ஆளு வந்து வந்து கேட்டான். மூணு தடவை."

"அப்புறம்?"

நான் இழையைப் போர்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஈயத்தைத் தொட்டேன். அந்த ஒரு புள்ளி ஆறுவதற்குள் நானா பேசிவிட்டார்.

"பயமா இருந்திச்சு. போய்ச் சேர்ந்தா உம்மா மையித்தைப் பாக்கணும். விடியட்டும்னு இருந்தேன். விடிஞ்ச பிறகு பஸ்ல போனா இன்னும் கொஞ்சம் நேரம் ஆகுமேன்னு இருந்திச்சு. நான் மெதுவா வரலம்மா. பயந்து உக்காந்திருந்தேன்."

நான் திரும்பவில்லை. அது என் முன்னால் பேச வேண்டிய பேச்சு இல்லை. நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால்தான் பேசினார்களோ என்னவோ. தங்கச்சி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இதைச் சொல்ல ஆறு வருஷமா?"

"வாய்க்கு வரல."

"எனக்கு மட்டும் பயமில்லாமலா இருந்திச்சு? நான் ஒத்தையா நின்னேன் நானா. எல்லாரும் என்னைத்தான் கேட்டாஹ, உங்க நானா எங்கன்னு. நான் என்ன சொல்ல?"

"தெரியும்மா."

"தெரியாது உங்களுக்கு." பிறகு, வேறு குரலில்: "இந்தக் காப்பி இறங்குமா இறங்காதா? கிண்ணத்தைத் தட்டுங்களேன்."

"தட்டக்கூடாது."

"நீங்க மாறவேயில்ல!" என்று கத்தியது. ஆனால் அது கோபம் இல்லை என்று சீ ஹைக்குக்கூடப் புரிந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே வடிகட்டியைத் தட்டி எடுத்துத் தங்கச்சியிடம் கிளாஸை நீட்டினார்.

நான்கரைக்குப் போர்டு முடிந்தது. மூடாமலே வயரை மாட்டினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ போர்டு சோதித்திருக்கிறேன். ஸ்விட்சில் கை வைக்க அவ்வளவு தயங்கியதில்லை. போட்டேன். மேலும் கீழும் இரண்டு கறுப்புப் பட்டை. நடுவில் கரடிகள். பாட்டு இழுத்துக்கொண்டு, ஒரு கனத்த ஆள் மாடியேறுவதுபோல வந்தது.

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டது. "இதுதான்... ஆமா, இதுதான்." பாயில் உட்கார்ந்து, முழங்காலால் அண்ணனை இடித்தது. "தள்ளி உக்காருங்க. எப்பவும் என் இடத்தைப் புடிச்சிக்கிட்டு."

பாலத்தில் முதல் தடவை விழுந்தார்கள். தப்பு யாருடையது என்று பிரெஞ்சில் ஒரு சண்டை. இரண்டாம் தடவை, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று இரண்டு குரலும் ஒன்றாக வந்து, நாலின் கடைசியில் இரண்டு கரடியும் வண்டியும் ஒன்றாகத் தாவி, அந்தப் பக்கம் போய் நின்றன. சீ ஹை கைதட்டினார். எனக்கு முதுகில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டபோதுதான் சால்டரிங் அயர்னை இன்னும் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

ஐந்து மணிக்கு டாக்ஸிக்காரன் போன் செய்தான். "பத்து நிமிஷம்" என்றது தங்கச்சி. ஐந்தேகாலுக்கு மறுபடி. ஐந்தரைக்கு அவன் வேறு சவாரி பிடித்துப் போய்விட்டான். ஆறு மணிக்குக் கணவர் அழைத்தார். தங்கச்சி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கண்ணைத் திரையில் இருந்து எடுக்காமலே பேசியது: "எங்கயும் சிக்கிக்கல. நானா வீட்டுலதான் இக்கிறேன். நீங்க போங்க, உங்களுக்கு மீட்டிங் இக்கிதுல்ல. நான் காலைல வர்றேன்... கரடிங்க. கரடி. வந்து சொல்றேன்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "தம்பி, காலைல பிளைட்டுக்கு ஒரு டிக்கெட் பாருங்க. ஜாஸ்தியா இருந்தாலும் பரவாயில்ல" என்றது.

நான் பார்த்தேன். பழைய டிக்கெட்டுக்கு ஒரு காசும் திரும்பி வராது என்றிருந்தது. என் தப்பு, நான்தான் கட்டுவேன் என்றேன். அண்ணன் தங்கச்சி இருவரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள். சரிபாதி போட்டுக்கொள்வதாக அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். மறுநாள் காலை ஏழே முக்கால் விமானம், ஜன்னலோர இருக்கை, ஒரு ஆளுக்கு மட்டும்: நாற்பத்திரண்டு லட்சத்து எண்பதாயிரம் டோங், நம் பணத்தில் பதினான்காயிரம் ரூபாயை ஒட்டி.